வக்ஃபு நூலும் இணைய நூலும்

ஹிஜ்ரி 799-ஆம் ஆண்டு (கி.பி. 1396) ஸஃபர் மாதத்தில், கெய்ரோவில் வாழ்ந்துவந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) ‘கிதாபுல் இபர்’ என்னும் தம் பெருநூலின் படி ஒன்றை மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளிவாசல் நூலகத்துக்கு வக்ஃபாக எழுதிவைத்தார். அந்த வக்ஃபுப் பத்திரம் நூலைப் பயன்படுத்துவோருக்குச் சில நிபந்தனைகளை விதித்தது. நம்பிக்கைக்குரியவரிடமே நூலைக் கொடுத்தல் வேண்டும். அவர் தக்க ஈடு வைத்தல் வேண்டும். இரண்டு மாதங்களுக்கு மேல் அதனைத் தம்மிடம் வைத்திருத்தல் ஆகாது. படிப்பதற்கோ படியெடுப்பதற்கோ அக்காலம் போதுமானது என்பது அதன் கருத்து.

இச்சிறு பத்திரத்தில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. நூல் இலவசமாக வழங்கப்பட்டது என்பது ஒன்று. அதனை வழங்கியவர் வழங்கும் உரிமை உடையவர் என்பது இரண்டு. இலவசமாக வழங்கப்பட்டதாயினும் அது நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது என்பது மூன்று. முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் நாம் மறந்துவிட்டோமோ என்று ஐயுறும் வகையில், இணையத்தின் வழியே நூல்களும் ஒலிப்பதிவுகளும் திரைப்படங்களும் இன்று நம் கைப்பேசிகளை நிறைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் முறையாக நமக்கு உரியவை எவை, அவற்றை எங்கே தேடுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடுத்தவர் யார்?

மனிதன் இறந்தபின்னும் தொடரும் நற்செயல்கள் மூன்றனுள் பயன்தரும் கல்வியையும் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இந்நபிமொழியே நூல் வக்ஃபு என்னும் மரபுக்கு ஊற்றுக்கண். அசையாச் சொத்துகளையே வக்ஃபு செய்யலாம் என்பது பொதுக் கருத்தாக இருந்த காலத்தில், மக்கள் வழக்கத்தில் உள்ள நூல் போன்ற அசையும் பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என ஹனஃபி மத்ஹபின் இமாம் முஹம்மது (ரஹ்) இடமளித்தார்கள். இதனால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் நூலகங்களாகவும் வளர்ந்தன.

ஆனால், வக்ஃபு செய்பவர் அப்பொருளின் உரிமையாளராக இருத்தல் வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. பிறர் தோட்டத்தை எவரும் வக்ஃபு செய்ய இயலாது. மோசடியாகப் பெற்ற பொருளிலிருந்து செய்யப்படும் தர்மம் ஏற்கப்படுவதில்லை என்னும் கருத்துடைய நபிமொழியும் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அண்மையில் வெளிவந்த மார்க்க நூல் ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ‘பிறருக்கும் அனுப்பி நன்மையைப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்னும் குறிப்போடு பரப்புகின்ற சகோதரர் நல்ல எண்ணத்தோடுதான் அதனைச் செய்கிறார். எனினும் அவர் கொடுப்பது யாருடைய பொருள் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

எழுத்தில் உரிமை என்பது உண்டா என்னும் விவாதம் உலமாக்களிடையே நெடுங்காலம் நிகழ்ந்தது. கல்வியை மறைத்தல் கூடாது. நூலை வாங்கியவர் அதனைப் படியெடுப்பதைத் தடுப்பது எங்ஙனம் பொருந்தும் எனத் துணைக்கண்டத்தின் மூத்த உலமாக்கள் சிலர் வினவினர். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அச்சும் சந்தையும் மாறிய சூழலை ஆராய்ந்த இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாதமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தனது ஐந்தாவது அமர்வின் 43-ஆம் தீர்மானத்தில் இதற்கு விடை கண்டது. நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றுக்குப் பொருளாதார மதிப்பு உண்டு. அவற்றின்மீது அத்துமீறுதல் கூடாது என்பது அத்தீர்மானத்தின் சாரம். ஆகவே சட்டம், மார்க்கம் ஆகிய இரு நோக்கிலும் ‘இலவசமாகக் கிடைக்கிறதா?’ என்பதற்கு முன் ‘கொடுத்தவர் யார்?’ என்று வினவுதல் நம் கடமையாகிறது.

முறையான மூன்று வாயில்கள்

ஓர் ஆக்கம் இலவசமாகவும் முறையாகவும் நம்மை வந்தடைய மூன்று வாயில்கள் உள்ளன.

முதலாவது, காலம் முடிதல். பதிப்புரிமை என்றென்றைக்கும் உரியதன்று. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை அவ்வுரிமை நிலைக்கும். தொடக்கத்தில் 50 ஆண்டுகளாக இருந்த இக்கால அளவு, 1941-இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் நூல்கள் மீதான உரிமை முடியவிருந்த வேளையில் நீட்டிக்கப்பட்டது. 1992-இல் அது சட்டமாயிற்று. இலங்கையில், 2003-ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டப்படி, இக்காலம் 70 ஆண்டுகள். மலேசியாவில் 50 ஆண்டுகள். காலம் முடிந்த ஆக்கம் எவருக்கும் தனியுடைமையன்று; அனைவருக்கும் பொதுவுரிமையாகும்.

இரண்டாவது, உரிமையாளரின் அனுமதி. 2001-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டு, 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்ட ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் அமைப்பு இதற்கு எளிய வழிவகுத்தது. ஆசிரியர் தம் உரிமையைக் கைவிடாமலே, எந்நிபந்தனையோடு பிறர் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். பெயரைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றம் செய்யக் கூடாது, மாற்றினால் அதனையும் இதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்னும் நான்கு கூறுகளின் சேர்க்கைகளே அவ்வுரிமங்கள். இப்னு கல்தூனின் பத்திரத்தை அறிந்தவருக்கு இவை புதுமையாகத் தோன்றா. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை மார்க்க விதியைப் போன்று மதிக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் கொள்கை. உரிமத்தின் நிபந்தனையும் அவ்வாறே மதிக்கத்தக்கது.

மூன்றாவது, அரசு உரிமையைப் பெற்று மக்களுக்கு வழங்குதல். 1949-இல் பாரதியாரின் ஆக்கங்களைச் சென்னை மாகாண அரசு பொதுமக்களுக்கு உரியதாக்கியது இதற்கு முன்னோடி. பின்னர் தமிழக அரசு ஆசிரியர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை அளித்து நூற்றுக்கும் மேற்பட்டோரின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. கவி கா.மு. ஷெரீபின் நூல்களும் அவற்றுள் அடங்கும். 1994-இல் மறைந்த அவருடைய எழுத்துகளுக்குச் சட்டப்படியான 60 ஆண்டுகள் இன்னும் முடியவில்லை. எனினும் நாட்டுடைமை ஆக்கப்பட்ட அவருடைய நூல்களை எவரும் அச்சிடலாம்.

ஒரு நூல், பல நாடுகள்

காலம் முடிந்ததா என்பதைக் கணக்கிடுவதில் உள்ள நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அப்துல்லாஹ் யூசுப் அலியின் ஆங்கிலத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பு 1934 முதல் லாகூரில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் 1953 டிசம்பரில் இலண்டனில் காலமானார். இந்தியக் கணக்கில் 2013-ஆம் ஆண்டின் இறுதியோடு அவருடைய நூலின் உரிமைக்காலம் முடிவுற்றது. 70 ஆண்டுக் கணக்குள்ள பிரிட்டனில் 2023-இன் இறுதியில்தான் அது முடிந்தது. அமெரிக்காவிலோ அக்கால நூல்களுக்கு ஆசிரியரின் மறைவன்று, வெளியான ஆண்டே கணக்கின் தொடக்கம். அதிலிருந்து 95 ஆண்டுகள். 1929-இல் வெளியான நூல்கள் அங்கே 2025-இன் தொடக்கத்தில் பொதுவுரிமை ஆயின. பின்வரும் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஆண்டின் நூல்கள் அவ்வரிசையில் சேரும்.

ஆகவே ‘இந்நூல் பொதுவுரிமை’ என்று ஓர் அமெரிக்க இணையதளம் கூறினால் அது அந்நாட்டுக்கே உரிய கூற்று. கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவர் தம் நாட்டுக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. யூசுப் அலியின் மொழிபெயர்ப்பைப் பிற்காலப் பதிப்பகங்கள் திருத்தியும் குறிப்புகளை மாற்றியும் வெளியிட்டுள்ளன. மூலப்பதிப்பு பொதுவுரிமை ஆனதால் திருத்தப்பதிப்பில் உள்ள புதிய பகுதிகளும் பொதுவுரிமை ஆகிவிடா. மார்க்க நூல்களைப் பொறுத்தவரை நாம் பெரிதும் இடறி விழும் இடம் இதுவே. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870) காலமானார்கள். ஸஹீஹுல் புகாரியின் அரபு மூலத்துக்கு எவரும் தனியுரிமை கோர முடியாது. ஆனால் அண்மைக் காலத்தில் பல ஆலிம்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய தமிழ் மொழிபெயர்ப்பு அம்மொழிபெயர்ப்பாளர்களின் ஆக்கம். அதற்குத் தனி உரிமை உண்டு. அவ்வாறே பழைய கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவரின் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அவருக்கே உரியவை. ‘நூல் பழையது’ என்பதனால் ‘கையிலுள்ள பதிப்பும் பழையது’ என்று கொள்ளுதல் தவறு.

நூல்களைத் தேடுமிடம்

இணையத்தில் மின்னூல் முயற்சிகளுக்கெல்லாம் மூத்தது, 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம். அமெரிக்கச் சட்டப்படி பொதுவுரிமையான நூல்களை அது வழங்குகிறது. தமிழில் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழைதிருத்திய இலக்கியங்களை இலவசமாக அளித்துவருகிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை அதில் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் அரிய பழைய பதிப்புகளும் கிடைக்கின்றன.

இலங்கையில் 2005-இல் தோன்றிய நூலகம் திட்டம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது மீட்க முடியாத ஏடுகளை இழந்த சமூகத்தின் முயற்சி அது. இலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் இதழ்களும் அங்கே ஏராளமாகச் சேகரிக்கப்பட்டுள்ளன.

அரபு அறிவியல் கையெழுத்துப் படிகளையும் வளைகுடா வரலாற்று ஆவணங்களையும் நாடுவோருக்கு, பிரிட்டிஷ் நூலகத்தின் கூட்டுறவோடு 2014-இல் திறக்கப்பட்ட கத்தார் மின்னூலகம் பெருங்கொடை. திருக்குர்ஆனின் அரபு மூலத்தைக் கணினியில் பயன்படுத்த விழைவோருக்கு 2007-இல் தொடங்கிய தன்ஸீல் திட்டம் உண்டு. சரிபார்க்கப்பட்ட அம்மூலத்தை எவரும் படியெடுக்கலாம், பரப்பலாம், ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. நிபந்தனையோடு கூடிய இலவசத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒலியும் திரையும்

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பொருளன்று. கேட்பதற்குத் தகுந்தது எது என்பதை அவரவர் தம் ஆலிம்களிடம் தெளிந்துகொள்க. தகுந்ததென்று தேர்ந்ததை முறையாகப் பெறுவது எவ்வாறு என்பதே இங்குக் கூறப்படுகிறது.

ஒலிப்பதிவில் உரிமை பல அடுக்குகளாக உள்ளது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1955-இல் வெளியான ஓர் இசைத்தட்டு 2015-இன் இறுதியில் அவ்வுரிமையை இழந்தது. ஆனால் அதில் ஒலிக்கும் பாடலை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அவரவர் மறைவிலிருந்து 60 ஆண்டுகள் எனத் தனிக் கணக்கு ஓடுகிறது. தட்டு பொதுவாகியும் பாட்டு பொதுவாகாதிருக்கலாம். பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட முனைவோர் இதனை மறத்தலாகாது.

ஐயமின்றிப் பெறத்தக்க ஒலிகளும் உண்டு. 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ், பொதுவுரிமை நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்த பதிவுகளை வழங்குகிறது. வாசித்தவர்கள் தம் குரலின்மீதுள்ள உரிமையையும் பொதுவுக்கே விட்டுவிடுகின்றனர். கண்பார்வை குன்றியோர்க்கு இது பேருதவி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011-இல் திறந்த தேசிய ஒலிப்பேழையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால இசைத்தட்டுகளைக் கேட்கலாம். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் தளத்தில் இக்காலக் கலைஞர்கள் தாமே வைத்த ஆக்கங்கள், ஒவ்வொன்றும் தனக்குரிய உரிமக் குறிப்போடு உள்ளன.

திரைப்படங்களில் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ என்னும் ஜெர்மானியப் படம் நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரத்தொரு இரவுகள் மரபைத் தழுவி, கத்தரித்த கருநிழல் உருவங்களால் லோட்டே ரைனிகர் 1926-இல் உருவாக்கிய முழுநீளப் படம் அது. அமெரிக்காவில் 2022-இல் பொதுவுரிமை ஆயிற்று. ஆனால் ரைனிகர் 1981-இல்தான் மறைந்தார்; மறைவிலிருந்து 70 ஆண்டுகள் என்னும் முறையுள்ள அவருடைய தாய்நாட்டில் அதன் உரிமை இன்னும் உயிரோடுள்ளது.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் ஆவணப் படங்கள் பலவற்றைத் தன் தளத்திலேயே இலவசமாகக் காட்டுகிறது. அங்கே பார்க்கத்தான் அனுமதி. பதிவிறக்கி வேறிடத்தில் ஏற்ற அனுமதியில்லை. பார்க்கும் உரிமை வேறு, பரப்பும் உரிமை வேறு என்பதை இது உணர்த்துகிறது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

1996-இல் புரூஸ்டர் கால் நிறுவிய இன்டர்நெட் ஆர்க்கைவ், உலகின் மிகப்பெரும் இலவச மின்காப்பகங்களுள் ஒன்று. பிறர்க்கு அறிவை வழங்கும் உயர்நோக்குடையது. ஆனால் அங்கே எவரும் எதனையும் ஏற்றலாம்; ஆதலின் ஒரு நூல் அங்கிருப்பதே அது முறையானது என்பதற்குச் சான்றாகாது.

அந்நிறுவனம் தானே மின்படியாக்கிய நூல்களை நூலகம்போல் இரவல் கொடுத்துவந்தது. 2020-இல், பெருந்தொற்றின்போது, ஒரு படியை ஒருவருக்கே கொடுப்பது என்னும் வரம்பையும் சில மாதங்கள் தளர்த்தியது. நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றம் பதிப்பகங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இலட்சக்கணக்கான நூல்கள் இரவலிலிருந்து நீக்கப்பட்டன. வாசகருக்கு அது இழப்பே. எனினும் கொடுப்பவரின் நல்லெண்ணம் கொடுக்கும் உரிமைக்கு ஈடாகாது என்பதே அத்தீர்ப்பு கூறும் பாடம்.

‘விலைகொடுத்து வாங்க இயலாத ஏழை மாணவர் என் செய்வார்?’ எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானது. தனிப்பட்ட படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அது முழுநூலைப் படியெடுத்து ஊரெங்கும் பரப்புவதற்கான அனுமதியன்று. நூலாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் மகிழ்ந்து அனுமதிப்போர் நம்மிடையே உண்டு. வசதியுள்ளவர் ஒருவர் ஐந்து படிகளை விலைக்கு வாங்கி ஐந்து நூலகங்களில் வைத்தால் மாணவரும் பயன்பெறுவார். பதிப்பாளரும் அடுத்த நூலை அச்சிடத் துணிவார். சில நூறு படிகள் விற்பதையே நம்பி நடைபெறும் தமிழ் இஸ்லாமியப் பதிப்பகங்களுக்கு, நூல் வெளிவந்த வாரத்திலேயே அதன் மின்படி இலவசமாகச் சுற்றிவருவது தாங்கொணா இழப்பு. அடுத்த மொழிபெயர்ப்பு வெளிவராமற்போனால் இழப்பவர் அந்த ஏழை மாணவரும்தான்.

நம் கையில் உள்ள வக்ஃபு

நமக்கு உரிமையில்லாததைத் தாராளமாகப் பரப்புகின்ற நாம், நமக்கு முழு உரிமையுள்ளதைக் கரையானுக்கு விட்டுவைத்திருக்கிறோம் என்பது வேதனைக்குரியது. கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் அரபுத் தமிழ் நூல்கள், அதே ஆண்டில் மறைந்தவரும் 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவருமான கண்டி அறிஞர் சித்தி லெப்பையின் எழுத்துகள், இன்னும் பெயர் மறந்த எத்தனையோ புலவர்களின் படைப்போர்களும் மாலைகளும் கிஸ்ஸாக்களும் எல்லாம் இன்று எவருக்கும் தனியுடைமையல்ல. அவற்றைப் படமெடுத்துப் பரப்ப எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. சில ஆக்கங்கள் காப்பகங்களை அடைந்துவிட்டன. பல இன்னும் வீட்டுப் பரண்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் முடங்கிக் கிடக்கின்றன.

செய்யத்தக்கவை கடினமானவையல்ல. இல்லத்தில் பழைய நூல் இருப்பின், அதன் தலைப்புப் பக்கம், அச்சான ஆண்டு, ஆசிரியர் மறைந்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, மேலே கூறிய நூலகங்களுக்குத் தெரிவிக்கலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகாதிருந்தால் வாரிசுகளின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெறலாம். வணிக நோக்கற்ற பொது நூலகம், தன்னிடமுள்ள அச்சுப்படியைப் பாதுகாக்கும் பொருட்டு மின்படியாக்கி வைத்துக்கொள்ளவும் 2012-இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம் இடமளிக்கிறது.

எழுத்தாளர்களுக்கும் ஒரு வாயில் திறந்துள்ளது. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஓர் ஆசிரியர் தம் உரிமை முழுவதையுமோ ஒரு பகுதியையோ பொது அறிவிப்பின் வாயிலாகவே விட்டுக்கொடுக்கலாம். விற்றுத்தீர்ந்து மறுபதிப்புக் காணாத தம் நூல்களையேனும், பெயரை மாற்றாது, கருத்தைத் திரிக்காது எவரும் பரப்பலாம் என நம் ஆலிம்களும் ஆய்வாளர்களும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால், அது இப்னு கல்தூன் (ரஹ்) ஃபெஸ் நகருக்கு அனுப்பிய பத்திரத்தின் வழியில் வந்ததாகவே அமையும். அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு நூலைப் படியெடுக்க இரண்டு மாதங்கள் வேண்டியிருந்தன. இன்று அதற்கு ஒரு நொடி போதும். கொடுப்பதற்கு முன் அது நம்முடையதுதானா என்று வினவவும் அந்த நொடியில் இடமுண்டு.

பயன்தரும் கல்வியை முறையாகப் பெற்று முறையாக வழங்குவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக.